பிழையின் திசை

டி.எஃப்.டி. எனப்படும் அடர்த்தி ஃபங்ஷனல் கோட்பாட்டுக் கணக்கு ஒன்றின் உள்ளீட்டுக் கோப்பைத் திறந்தால் இருபது முப்பது வரிகள் இருக்கும். அணுக்கள் எங்கே இருக்கின்றன, அலைகளை எந்த ஆற்றல்வரை எடுத்துக்கொள்வது, படிகத்தின் உந்தவெளியில் எத்தனை புள்ளிகள் வைப்பது, சுற்றுச் சுற்றாக ஓடும் கணக்கை எந்த நுணுக்கத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் அவற்றில் வரும். இவை அனைத்துக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் விடை ஓரிடத்தில் நிலைத்துவிடும். நிலைத்ததா என்று பார்க்கப் பொறுமையும் கணினி நேரமும் இருந்தால் போதும். ஒரே ஒரு வரி மட்டும் இதற்குள் அடங்காது. எந்த ஃபங்ஷனல் என்று சொல்லும் வரி அது. அதில் கூட்டிக்கொண்டே போக எதுவும் இல்லை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவத்தான் முடியும். தாவியபின் விடை உண்மையை நெருங்கியதா விலகியதா என்பதை அந்தக் கணக்கைக் கொண்டே அறிய வழியில்லை. 2016-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஒப்பீடு வந்தது. 71 தனிமங்களின் படிகங்களை 15 மென்பொருள்களைக் கொண்டு, 40 விதமான செயல்முறைகளில், ஒரே ஃபங்ஷனலை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். இன்றைய நல்ல மென்பொருள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே விடையையே தந்தன. அப்படியானால் விடைக்கும் இயற்கைக்கும் நடுவில் மிஞ்சுவது அந்த ஒரு வரியின் பிழைதான். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், சராசரிப் பிழை எதில் குறைவோ அதை எடு என்பதே பெரும்பாலோர் சொல்லும் விடை. எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு பிழைக்கும் என்பதைவிட, எந்தப் பக்கம் பிழைக்கும், ஏன் பிழைக்கும் என்று தெரிந்திருப்பதே இந்தத் தொழிலில் பெரிய சொத்து.

அந்த வரி எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஓர் அணுவிலோ மூலக்கூறிலோ உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே நகர்கின்றன. ஒவ்வொன்றின் இருப்பும் மற்ற அனைத்தின் இருப்பையும் பொறுத்தது. இதை நேரடியாக எழுதினால் பத்து எலக்ட்ரானுக்கு முப்பது மாறிகள் கொண்ட அலைச் சார்பு வேண்டும். 1964-ல் பியர் ஹோஹன்பர்க், வால்டர் கோன் இருவரும் ஒன்றை நிறுவினார்கள்: அடிநிலையைப் பொறுத்தவரை முப்பது மாறிகள் தேவையில்லை, வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் எலக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு என்று தெரிந்தால் ஆற்றல் தானாகவே தீர்மானமாகிவிடும். அடர்த்தியின் முழு வரைபடத்தையும் வாங்கிக்கொண்டு ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தருவதைத்தான் ஃபங்ஷனல் என்கிறோம். அப்படி ஒன்று இருக்கிறது என்று நிறுவினார்களே தவிர, அதன் வடிவத்தை அவர்கள் தரவில்லை. மறு ஆண்டு கோனும் லு ஜூ ஷாமும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒன்றையொன்று விலக்காத கற்பனை எலக்ட்ரான்கள் அதே அடர்த்தியைத் தருவதாக வைத்துக்கொண்டால் இயக்க ஆற்றலின் பெரும்பகுதியைத் துல்லியமாகக் கணக்கிடலாம். கருவின் ஈர்ப்பையும் மின்னூட்ட மேகத்தின் செவ்வியல் விலக்கலையும் துல்லியமாகக் கணக்கிடலாம். தெரியாதது முழுவதையும் ஒரு மூலையில் கூட்டி வைத்தாயிற்று. பரிமாற்ற-ஒட்டுறவு ஆற்றல் என்பது அந்தக் குவியலின் பெயர். ஒரே சுழல் கொண்ட எலக்ட்ரான்கள் பாலி விதியால் ஒன்றையொன்று தவிர்ப்பது பரிமாற்றம். விலக்கு விசையால் எல்லா எலக்ட்ரான்களும் ஒதுங்கி நடப்பது ஒட்டுறவு. ஹார்ட்ரீ என்ற அணு ஆற்றல் அலகில் சொன்னால், நியான் அணுவின் மொத்த ஆற்றலான 128.94 ஹார்ட்ரீயில் இந்தக் குவியல் ஏறத்தாழ 12.5 ஹார்ட்ரீ, அதாவது பத்தில் ஒரு பங்கு. பங்கு சிறிதுதான். ஆனால் வேதிப்பிணைப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பங்குக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதல் தோராயம் மிக எளிமையானது. வெளியின் ஒவ்வொரு புள்ளியையும், அங்குள்ள அடர்த்தியிலேயே எங்கும் சீராகப் பரவிய எலக்ட்ரான் வாயுவின் ஒரு துணுக்காகக் கருது, அந்த வாயுவின் ஆற்றலை எடுத்துக்கொள், எல்லாவற்றையும் கூட்டு. எல்.டி.ஏ. என்பது இதுதான். சீரான வாயுவின் பரிமாற்ற ஆற்றலை டிராக் 1930-லேயே எழுதிவிட்டார். ஒட்டுறவுக்கான எண்களை டேவிட் செப்பர்லியும் பெர்னி ஆல்டரும் 1980-ல் குவாண்டம் மாண்டி கார்லோ கணக்கால் தந்தார்கள். அணு என்பது சீரான வாயுவே அல்ல. கருவின் அருகே அடர்த்தி கூர்முனையாக ஏறுகிறது, வெளியே போகப்போக அடுக்குக்குறியாகத் தேய்கிறது. எனவே இந்தத் தோராயம் படுதோல்வி அடைந்திருக்க வேண்டும். ஹீலியத்தை எடுத்துப் பார்ப்போம். அதன் சரியான அடர்த்தியை எல்.டி.ஏ.-வில் இட்டால் பரிமாற்றம் −0.884 ஹார்ட்ரீ என்று வருகிறது, உண்மை −1.026. ஏழில் ஒரு பங்கு குறைவு. ஒட்டுறவு −0.112 என்று வருகிறது, உண்மை −0.042. இரண்டரை மடங்குக்கும் மேல். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தேறாது. கூட்டினால் −0.996, உண்மை −1.068. பிழை 7 விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டது. நியானிலும் இதே கதை: பரிமாற்றம் 12.11-க்குப் பதில் 11.03, ஒட்டுறவு 0.39-க்குப் பதில் 0.74, கூட்டுத்தொகையில் பிழை 6 விழுக்காடு. ஒன்று எப்போதும் குறைகிறது, மற்றது எப்போதும் மிகுகிறது, இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. ஓர் அணுவில் நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். அணுவுக்கு அணு நடந்தால் காரணம் தேட வேண்டும்.

காரணம் 1970-களின் நடுவில் கிடைத்தது. ஓர் எலக்ட்ரான் ஓரிடத்தில் நிற்கிறது என்றால் அதன் அக்கம்பக்கத்தில் மற்ற எலக்ட்ரான்கள் குறைகின்றன. அந்தக் குறைவைத் துளை என்கிறோம். துளையின் வடிவம் என்னவாக இருந்தாலும் அதன் மொத்த அளவு சரியாக ஓர் எலக்ட்ரான்தான். தன்னைத் தவிர்த்துவிட்டுத்தானே மற்றவற்றை எண்ண வேண்டும்! லேங்ரெத்தும் பெர்டியூவும் 1975-லும், குன்னார்சனும் லுண்ட்க்விஸ்ட்டும் 1976-லும் இந்தத் துளையை மையமாக வைத்துப் பரிமாற்ற-ஒட்டுறவு ஆற்றலை எழுதினார்கள். அப்போது இரண்டு விஷயங்கள் புலப்பட்டன. ஆற்றலுக்குத் துளையின் கோணவடிவம் தேவையில்லை, எல்லாத் திசைகளிலும் சராசரி எடுத்தபின் மிஞ்சுவது போதும். எல்.டி.ஏ. கையாளும் துளையோ கற்பனையில் ஒட்டவைத்த வடிவம் அல்ல. சீரான வாயு என்ற உண்மையான பௌதிக அமைப்பின் துளை, ஆகவே அதன் மொத்தம் சரியாக ஒன்று. வடிவம் தவறு, தொகை சரி. தவறான வடிவத்தின் பெரும்பகுதி சராசரியில் கரைந்துபோகிறது. எல்.டி.ஏ. ஏன் அவ்வளவு மோசமாக இல்லை என்பதற்கான விளக்கம் இது. பரிமாற்றத்தையும் ஒட்டுறவையும் ஒன்றாகவே கையாள வேண்டும், ஒன்றை மட்டும் துல்லியமாக்கினால் ஈடுகட்டல் குலையும் என்ற எச்சரிக்கையும் இதிலேயே இருக்கிறது.

துல்லியம் வேறு, நம்பகம் வேறு என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றில் உள்ள மிக வலுவான சான்று அடுத்த கட்டத்தில் வருகிறது. அடர்த்தி மட்டும் போதாது என்றால் அடர்த்தி எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்ற சரிவையும் சேர்த்துக்கொள்ளலாம். கணிதத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள்: முதல் உறுப்பு சுமார் என்றால் தொடரின் அடுத்த உறுப்பைச் சேர். 1965-ன் கட்டுரையே இந்த வழியைக் காட்டியிருந்தது. 1968-ல் மா, ப்ரூக்னர் இருவரும் ஒட்டுறவுக்கான அந்த உறுப்பைக் கணக்கிட்டு அணுக்களில் இட்டுப் பார்த்தபோது ஒட்டுறவு ஆற்றலின் குறியே மாறிவிட்டது. எதிர்ம எண்ணாக மட்டுமே இருக்கக்கூடியது நேர்ம எண்ணாக வந்தது. முறைப்படி மேலான தோராயம் நடைமுறையில் கீழானதாகிவிட்டது. தொடரை இடையில் வெட்டியதால் கிடைத்த துளை எந்த உண்மையான அமைப்பின் துளையும் அல்ல. அதன் தொகை ஒன்று என்ற விதியை அது காப்பதில்லை. ஜான் பெர்டியூ 1980-களில் செய்தது, கட்டுக்கடங்காத அந்தத் துளையின் வாலை வெட்டி விதிக்குள் கொண்டுவந்ததுதான். அதிலிருந்து ஜி.ஜி.ஏ. என்ற குடும்பம் பிறந்தது. எந்த விதியைக் காக்க வேண்டும் என்று தெரிந்தபின்தான் கூடுதல் தகவலால் பயன் வந்தது.

1996-ல் பெர்டியூ, கீரன் பர்க், மத்தியாஸ் எர்ன்ஸர்ஹாஃப் எழுதிய பி.பி.இ. அந்தக் குடும்பத்தின் தலைமகன். சோதனை எண்களுக்குப் பொருத்திப் பார்த்த அளவுரு அதில் கிடையாது. உள்ளே இருக்கும் மாறிலிகள் அனைத்தும் விதிகளிலிருந்து வந்தவை. அதன் முதல் கட்டுரையிலேயே ஓர் அட்டவணை இருக்கிறது. நைட்ரஜன் மூலக்கூறை அணுக்களாகப் பிரிக்க மோலுக்கு 229 கிலோகலோரி வேண்டும். எல்.டி.ஏ. 267 என்றது, பி.பி.இ. 243 என்றது. ஆக்சிஜனுக்கு 121 வேண்டும், எல்.டி.ஏ. 175, பி.பி.இ. 144. நீருக்கு 232 வேண்டிய இடத்தில் எல்.டி.ஏ. 267, பி.பி.இ. 234. இருபது மூலக்கூறுகளில் சராசரிப் பிழை 31-லிருந்து 8-க்கு இறங்கியது. சராசரியைப் பார்ப்பவர் இதோடு மகிழ்ந்து நகர்ந்துவிடுவார். தொழில் செய்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: இந்த மூன்றிலும் பிழை ஒரே பக்கம், பிணைப்பை மிகைப்படுத்தும் பக்கம். இரட்டைப் பிணைப்பும் மும்மைப் பிணைப்பும் உள்ள இடங்களில் அது அதிகம். இதைப் பிடித்துக்கொண்டுதான் 2006-ல் வாங், மாக்சிஷ், செடர் மூவரும் லித்தியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் போன்றவற்றின் ஆக்சைடுகளை அலசினார்கள். அவை உருவாகும் ஆற்றலில் வரும் பிழை, ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றுக்கு ஏறத்தாழ 1.36 எலக்ட்ரான் வோல்ட் என்று மாறாமல் நின்றது. எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் தராசைக் கடைக்காரர் தூக்கி எறிய வேண்டியதில்லை, கழித்துக்கொண்டால் போதும். ஆயிரக்கணக்கான ஆக்சைடுகளைக் கணினியில் சலித்தெடுக்கும் தரவுத்தளங்கள் பி.பி.இ.-யை அடித்தளமாக வைத்துக்கொண்டு இத்தகைய திருத்தங்களால்தான் ஓடுகின்றன. பிழை பெரிதுதான், திசையும் அளவும் தெரிந்ததால் அது கருவியாகிவிட்டது.

திசை தெரிந்த பிழைகளுள் மிக ஆழமானதை ஹைட்ரஜன் அணுவிலேயே காட்டிவிடலாம். அங்கே ஒரே ஓர் எலக்ட்ரான். விலக்குவதற்கு இன்னொன்று இல்லை. ஆனால் செவ்வியல் வாய்பாட்டுக்கு அது தெரியாது. மின்னூட்ட மேகம் தன்னைத் தானே விலக்குவதாக வைத்து 0.3125 ஹார்ட்ரீ என்று கணக்கெழுதிவிடும். சரியான ஃபங்ஷனல் மிகச் சரியாக −0.3125 தந்து அதை அழிக்க வேண்டும். சுழலைக் கணக்கில் கொண்ட எல்.டி.ஏ. பரிமாற்றமாக −0.268 தருகிறது. ஒட்டுறவு அங்கே சுழியமாக இருக்க வேண்டும், −0.022 தருகிறது. இரண்டும் சேர்ந்து −0.290. மிச்சம் 0.022 ஹார்ட்ரீ, அதாவது ஏறத்தாழ 0.6 எலக்ட்ரான் வோல்ட், எலக்ட்ரான் தன்னைத் தானே விலக்கும் போலி ஆற்றலாக நின்றுவிடுகிறது. ஜி.ஜி.ஏ. இந்த மிச்சத்தைக் குறைக்கிறதே தவிர, அதன் வேரை எடுப்பதில்லை. இதன் விளைவு எளிது: தன்னைத் தானே விலக்கும் ஒன்று பரவிக் கிடக்கவே விரும்பும். எனவே எல்.டி.ஏ.-வும் ஜி.ஜி.ஏ.-வும் எலக்ட்ரானை அளவுக்கு மீறிப் பரப்பும். இழுத்துப் பிரித்த ஹைட்ரஜன் மூலக்கூற்று அயனியில் பாதி எலக்ட்ரான் இங்கும் பாதி அங்குமாகக் கிடப்பதற்கு உண்மையைவிடத் தாழ்ந்த ஆற்றல் தரும். வினைகளின் தடையுயரத்தைக் குறைத்துக் காட்டும். ஓரிடத்தில் அடங்கியிருக்க வேண்டிய இரும்பின் டி-எலக்ட்ரான்களைப் பரப்பிவிட்டு, மின்கடத்தாப் பொருளான இரும்பு மோனாக்சைடை உலோகம் என்று சொல்லும். சிலிக்கனின் ஆற்றல் இடைவெளி 1.17 எலக்ட்ரான் வோல்ட், எல்.டி.ஏ. ஏறத்தாழ அதில் பாதிதான் தரும். இடைவெளி விஷயத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. சரியான ஃபங்ஷனலே கையில் இருந்தாலும் கோன்-ஷாம் நிலைகளின் இடைவெளி உண்மை இடைவெளிக்குச் சமமாகாது என்று 1983-ல் பெர்டியூ-லெவி, ஷாம்-ஷ்லூட்டர் ஆகிய இரு குழுக்களும் நிறுவின. வெவ்வேறு தலைப்புகளில் வெவ்வேறு இதழ்களில் வரும் இத்தனை தோல்விகளுக்கும் பெரும்பாலும் ஒரே வேர், ஒரே திசை. வேரைத் தெரிந்தவர் புதிய பொருள் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில், இங்கே பி.பி.இ. எதைக் குறைத்துச் சொல்லும் என்று கணக்கு ஓடும் முன்பே எழுதி வைத்துவிடலாம்.

இதற்கு முதல் மறுப்பு வேதியியலாளர்களிடமிருந்து வரும். காரணமெல்லாம் கோட்பாட்டாளருக்கு, எங்களுக்கு வேண்டியது சரியான எண் என்பார்கள். அவர்கள் பக்கம் பலமான சாட்சி உண்டு. 1993-ல் ஆக்செல் பெக்கே துல்லியமான பரிமாற்றத்தில் 20 விழுக்காட்டைக் கலந்து, 0.20, 0.72, 0.81 என்ற மூன்று எண்களை அணுக்கள், சிறு மூலக்கூறுகள் ஆகியவற்றின் சோதனைத் தரவுகளுக்குப் பொருத்தினார். மறு ஆண்டு ஸ்டீஃபன்ஸும் மற்றவர்களும் ஒட்டுறவுப் பகுதியை மட்டும் மாற்றி, எண்களை மறுபடி பொருத்தாமலே எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் பிறந்த பி3எல்ஒய்பி கரிம வேதியியலை ஆண்டது. 2014-ல் 'நேச்சர்' இதழ் எல்லாத் துறைகளிலும் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது 12 கட்டுரைகள் டி.எஃப்.டி. சார்ந்தவை, முதல் பத்தில் இருந்த இரண்டும் பி3எல்ஒய்பி-யின் கூறுகளைத் தந்தவை. இந்த வெற்றியை நான் மறுக்கவில்லை. பொருத்திய எல்லைக்குள் பொருத்திய வாய்பாடு நன்றாகவே ஓடும். சிக்கல் எல்லை எங்கே முடிகிறது என்பதில். எட்டுக் கார்பன் கொண்ட ஆக்டேனின் நேர்ச்சங்கிலியையும் கிளைவிட்ட 2,2,3,3-டெட்ராமெத்தில்பியூட்டேனையும் ஒப்பிட்டால் கிளைவிட்டதே ஏறத்தாழ 2 கிலோகலோரி நிலையானது. பி3எல்ஒய்பி அதைத் தலைகீழாக்கி நேர்ச்சங்கிலியே நிலையானது என்கிறது. பிழை கிட்டத்தட்ட 10 கிலோகலோரி என்று 2006-ல் ஸ்டீஃபான் கிரிம்மே காட்டினார். கார்பனும் ஹைட்ரஜனும் ஒற்றைப் பிணைப்பும் மட்டுமே கொண்ட, கரிம வேதியியலின் முதல் பாடத்தில் வரும் மூலக்கூறுகள் இவை. சராசரி அட்டவணையில் இதற்கு எச்சரிக்கையே இல்லை. உலோகங்களிலும் அது தடுமாறியது. அதன் ஒட்டுறவுப் பகுதி ஹீலியத்திலிருந்து எடுத்தது. சீரான எலக்ட்ரான் வாயுவின் விதியைக் காப்பதில்லை. இந்தத் தடுமாற்றத்தை விதி தெரிந்தவர் முன்பே ஊகித்திருக்கலாம், அட்டவணை தெரிந்தவர் ஊகித்திருக்க முடியாது. பெயர்கூட ஒரு பொருளைக் குறிப்பதில்லை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காஸியன் மென்பொருளின் பி3எல்ஒய்பி-யில் இருக்கும் உள்ளூர் ஒட்டுறவு வாய்பாடு வேறு, ஓர்கா மென்பொருளில் அதே பெயரில் இருப்பது வேறு. இரண்டின் மொத்த ஆற்றலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தால் வருவது குப்பை.

சராசரி என்ற அளவுகோலின்மீதே எனக்குள்ள ஐயம் இன்னும் அடிப்படையானது. சராசரி எதன் சராசரி? கிரிம்மே, கோரிக்க் முதலானோர் 2017-ல் தொகுத்த சோதனைத் தொகுப்பில் 55 பிரிவுகளும் 1505 ஒப்பாற்றல்களும் இருக்கின்றன. அரிய உழைப்பு, நானும் அதைப் பார்க்காமல் மூலக்கூறுக் கணக்குக்கு ஃபங்ஷனல் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அதில் இருப்பது முதன்மைக் குழுத் தனிமங்களின் வேதியியல். வினையூக்கியின் நடுவில் ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கும்போது அந்த 1505 எண்கள் பேசுவது குறைவு. அளவுருக்களைக் கூட்டிக்கொண்டே போகும் போக்குக்கு இன்னொரு அடி 2017-ல் விழுந்தது. மெத்வதேவும் உடனாய்வாளர்களும் 128 ஃபங்ஷனல்களை 14 அணுக்களிலும் அயனிகளிலும் ஓட்டி, ஆற்றலை விட்டுவிட்டு அடர்த்தியைச் சோதித்தார்கள். பல பத்தாண்டுகளாக ஆற்றலோடு சேர்ந்து அடர்த்தியும் மேம்பட்டு வந்தது. 2000-களின் தொடக்கத்துக்குப் பின், ஆற்றலுக்காகப் பொருத்திய பல ஃபங்ஷனல்களில் அடர்த்தி மோசமாகத் தொடங்கியது. கோட்பாட்டின் பெயரிலேயே அடர்த்தி இருக்கிறது. அடர்த்தி தவறி ஆற்றல் சரியாக வந்தால், இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்திருக்கின்றன என்று பொருள். இந்த ஆய்வை மறுத்தவர்களின் வாதம் நியாயமானது: 2, 4, 10 எலக்ட்ரான்கள் மட்டும் கொண்ட, இறுகிச் சுருங்கிய அயனிகள் அவை, பிணைப்பு நிகழும் இடத்து அடர்த்தியை அவை பிரதிநிதித்துவப்படுத்தாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மறுப்பே என் கட்சிக்கும் உதவுகிறது. ஒரு தொகுப்பில் பெற்ற மதிப்பெண் இன்னொரு தொகுப்புக்குச் செல்லாது என்பதுதானே அதன் சாரம்?

ஈடுகட்டிக்கொள்ளும் தவறுகளைப் பழிக்கிறாயே, எல்.டி.ஏ.-வைப் புகழ்ந்ததும் அதற்காகத்தானே என்று கூர்மையான வாசகர் இங்கே மடக்கலாம். வேறுபாடு இருக்கிறது. எல்.டி.ஏ.-வின் ஈடுகட்டல் துளையின் தொகை விதியிலிருந்து வருகிறது. அந்த விதி ஹீலியத்திலும் உண்டு, சிலிக்கனிலும் உண்டு, நாளை செய்யப்போகும் பொருளிலும் உண்டு. பொருத்தலால் வந்த ஈடுகட்டல் பொருத்திய தரவில் இருக்கிறது. தரவுக்கு வெளியே அது தொடரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காரணமுள்ள ஈடுகட்டலும் முறியும் இடங்கள் உண்டு, அவற்றையும் காரணத்தைக் கொண்டே அறியலாம். இரும்பு சாதாரண நிலையில் காந்தத்தன்மையுள்ள, கனசதுர மையத்தில் அணு கொண்ட படிகம். எல்.டி.ஏ. காந்தமற்ற நெருக்க அடுக்குக்கே தாழ்ந்த ஆற்றல் தருகிறது என்று 1985-ல் வாங், க்ளெய்ன், க்ராகவர் மூவரும் காட்டினார்கள். பிணைப்பை மிகைப்படுத்தி அணுக்களை நெருக்கும் ஃபங்ஷனல் நெருக்க அடுக்கின் பக்கம் சாய்வதில் வியப்பில்லை. சரிவைச் சேர்த்த ஜி.ஜி.ஏ. அந்தத் தவறைச் சரிசெய்தது.

இரண்டாவது மறுப்பு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருவது: விதிகள்தான் வழி என்றால், விதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாம் சரியாகிவிடுமா? பெர்டியூ 2001-ல் ஃபங்ஷனல்களை யாக்கோபின் ஏணியாக அடுக்கினார். கீழ்ப்படியில் அடர்த்தி மட்டும், அடுத்து சரிவு, அடுத்து இயக்க ஆற்றல் அடர்த்தி, அதற்கும் மேலே துல்லியப் பரிமாற்றம், உச்சியில் வேதியியல் துல்லியம் என்ற சொர்க்கம். மூன்றாம் படியில் நிற்கும் 'ஸ்கேன்' 2015-ல் வந்தது. அந்தப் படியில் காக்க முடிந்த 17 விதிகள் அனைத்தையும் அது காக்கிறது. பல பொருள்களில் அபார முன்னேற்றம். ஆனால் இரும்பின் அணுக் காந்தத் திருப்புத்திறன் 2.2 போர் மேக்னட்டான் என்றிருக்க, பி.பி.இ. அதைச் சரியாகத் தரும் இடத்தில் ஸ்கேன் ஏறத்தாழ 2.6 என்கிறது. ஏணியில் ஏறினால் எல்லாப் பொருளிலும் முன்னேற்றம் கிடைக்கும் என்பது தவறு. பிளாட்டினத்தின் (111) பரப்பில் கார்பன் மோனாக்சைடு ஒற்றை அணுவின் தலைமேல் அமர்கிறது என்பது சோதனை, எல்.டி.ஏ.-வும் ஜி.ஜி.ஏ.-க்களும் மூன்று அணுக்களுக்கு நடுவிலான பள்ளத்தில் அமர்த்துகின்றன என்பது 2001-ல் பகிரங்கமான புதிர். அதன் காரணமும் பின்னர் தெரிந்தது: மூலக்கூறின் காலியான சுற்றுப்பாதை மிகத் தாழ்வாக விழுவதால் உலோகத்திலிருந்து அளவுக்கு மீறி எலக்ட்ரானை வாங்குகிறது. விதிகள் பிழையை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. விதிகளால் கட்டிய ஃபங்ஷனல் தவறும்போது எந்த விதி விடுபட்டது, எந்தத் தேர்வு தவறு என்று பின்னோக்கிச் சென்று கேட்க முடியும். ஐம்பது அளவுரு கொண்ட ஒன்று தவறும்போது கேட்பதற்கு ஆளில்லை.

மூன்றாவது மறுப்பு இயந்திரக் கற்றலின் காலத்தது. போதுமான தரவு தந்தால் நரம்பு வலைப்பின்னல் சரியான ஃபங்ஷனலையே கற்றுக்கொண்டுவிடாதா? 2021-ல் டீப்மைண்ட் வெளியிட்ட டி.எம்.21 இதற்கான நல்ல சோதனை. அது வெற்றி கண்ட இடத்தைக் கவனித்தால் வாதம் தெளிவாகும். வெறும் மூலக்கூறு ஆற்றல்களை மட்டும் அது கற்கவில்லை. எலக்ட்ரான் எண்ணிக்கை ஒரு முழு எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஆற்றல் நேர்கோடாக மாற வேண்டும் என்று 1982-ல் பெர்டியூ, பார், லெவி, பால்டஸ் நால்வரும் நிறுவிய விதியையும், பின்னச் சுழலுக்கான விதியையும் பயிற்சித் தரவாகவே ஊட்டினார்கள். எலக்ட்ரானைப் பரப்பும் பிழை குறைந்தது அந்த உணவால்தான். இயந்திரத்துக்கும் திசையைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. முழுமையான ஃபங்ஷனலுக்காகக் காத்திருப்பதிலும் பொருளில்லை: எல்லா அமைப்புக்கும் அதை விரைவாகக் கணக்கிடும் பொது வழி, குவாண்டம் கணினிகளுக்கே கடினமான சிக்கல் வகுப்பைத் தீர்ப்பதற்குச் சமம் என்று ஷுக், வெர்ஸ்ட்ரேட் இருவரும் 2009-ல் காட்டினார்கள். டி.எஃப்.டி.-யை விட்டுவிட்டு அலைச் சார்பு முறைகளுக்குப் போகலாம். சென்னையில் படித்த கிருஷ்ணன் ராகவாச்சாரி முதல் ஆசிரியராக 1989-ல் வெளியான கட்டுரை தந்த சி.சி.எஸ்.டி.(டி.) முறை சிறு மூலக்கூறுகளுக்கு இன்றும் உரைகல். ஆனால் அமைப்பை இரட்டிப்பாக்கினால் டி.எஃப்.டி.-யின் செலவு ஏறத்தாழ 8 மடங்கும் அதன் செலவு 128 மடங்கும் ஏறும். நூற்றுக்கணக்கான அணுக்கள் கொண்ட மின்கல முனைக்கு அது கட்டுப்படியாகாது. தோராயத்தோடுதான் வாழ்ந்தாக வேண்டும்.

ஆகவே தொழிலில் மாற வேண்டியது தேர்ந்தெடுக்கும் பழக்கமும் எழுதும் பழக்கமும். எந்த ஃபங்ஷனல் சிறந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு, என் கேள்விக்கு எந்தப் பிழை ஊறு செய்யும் என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டு மூலக்கூறுகள் தொலைவில் நின்று ஒன்றையொன்று ஈர்ப்பதுதான் கேள்வி என்றால், அடர்த்திகள் ஒன்றன்மேல் ஒன்று படியாத இடத்தில் எல்.டி.ஏ.-வுக்கும் ஜி.ஜி.ஏ.-வுக்கும் சொல்ல எதுவுமே இல்லை. கிரிம்மேயின் டி3 போன்ற திருத்தம் இல்லாமல் தொடங்கக்கூடாது. மின்னூட்டம் ஓரிடத்தில் அடங்குவதா பரவுவதா என்பது கேள்வி என்றால், துல்லியப் பரிமாற்றம் கலக்காத ஃபங்ஷனலின் தீர்ப்பை ஏற்கக்கூடாது. கலந்ததன் விடையையும் எதிர்ப் பக்கம் சாயக்கூடும் என்று எண்ணியே பார்க்க வேண்டும். வினையின் ஆற்றல் வேண்டுமென்றால், இரு பக்கமும் ஒரே வகைப் பிணைப்புகள் ஒரே எண்ணிக்கையில் வருமாறு சமன்பாட்டை அமைத்தால் பிழை தானே கழிந்துபோகும். போப்பிளின் குழு 1970-லேயே காட்டிய உபாயம் இது. திசை தெரியாத இடத்தில், வெவ்வேறு பக்கம் பிழைக்கும் இரண்டு ஃபங்ஷனல்களை ஓட்டி உண்மையை நடுவில் சிறைப்பிடிக்கலாம். பல படிகங்களின் அணிக்கோவை நீளத்தை எல்.டி.ஏ. ஏறத்தாழ 1 விழுக்காடு குறைத்தும் பி.பி.இ. ஏறத்தாழ அதே அளவு கூட்டியும் சொல்லும், சிலிக்கனில் 5.43 ஆங்ஸ்ட்ராமுக்கு 5.40, 5.47. ஒரே குடும்பத்தின் ஐந்து ஃபங்ஷனல்கள் ஒத்துப்போவதைவிட, எதிரெதிர்க் குணமுள்ள இரண்டு தரும் இடைவெளி அதிகம் சொல்லும். இவற்றுள் எதையும் சராசரிப் பிழை அட்டவணை கற்றுத்தராது. ஆய்வுக் கட்டுரையின் முறைகள் பகுதியில் ஃபங்ஷனலின் பெயரோடு ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதுவதைக் கட்டாயமாக்கினால் நன்று: இந்தக் கணக்கில் இது எந்தப் பக்கம் தவறும், முடிவு அந்தப் பக்கத்தைச் சார்ந்திருக்கிறதா இல்லையா. அந்த வாக்கியத்தை எழுத முடியாதவர் கையில் இருப்பது இன்னும் ஒரு முடிவு ஆகவில்லை. நான்கு தசம இடங்கள்வரை அச்சிட்ட ஓர் எண் மட்டுமே.